நோ சாபோ பிள்ளைகள்: ஸ்பானிஷுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் வளரும் மாணவர்கள்

1954-ஆம் ஆண்டு. டெக்சஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மெக்சிகோ எல்லையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது மார்ஃபா என்ற சிற்றூர். மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று அங்கே தனியாக ஒதுக்கப்பட்டிருந்தது பிளாக்வெல் பள்ளி. ஒரு நாள் அந்தப் பள்ளி மாணவர்கள் துண்டுச் சீட்டுகளில் ஸ்பானிஷ் சொற்களை எழுதினார்கள். சீட்டுகள் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் போயின. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் பெட்டியைப் புதைத்தார்கள். ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ செத்துப்போனார், இனிமேல் பள்ளிக்குள் அவர் பேச்சே இருக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சடங்கின் பொருள்.

அன்று மாலை அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எந்த மொழியில் சாப்பாடு கேட்டிருப்பார்கள்? காலையில் தங்கள் கையாலேயே புதைத்த அதே மொழியில்தான் கேட்டிருக்க முடியும்.

எழுபது ஆண்டுகள் கழித்து நிலைமை வேறு. ஸ்பானிஷ் பேசினால் இன்று யாரும் பிரம்பை எடுப்பதில்லை. ஆனால் அந்த மாணவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு தலைக்குனிவு வந்திருக்கிறது. ஸ்பானிஷ் சரியாகப் பேச வராத வெட்கம் அது. பேசியதற்குத் தாத்தா அடி வாங்கினார். பேச வராததற்குப் பேத்தி கேலி வாங்குகிறாள். இரண்டு மொழிகளோடு வளரும் ஹிஸ்பானிக் மாணவர்களின் மனநிலையைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வேர் கொண்ட குடும்பத்தினரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் என்று குறிப்பிடுகிறார்கள். லத்தீனோ என்றும் சொல்வதுண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் 6.21 கோடிப் பேர், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறார்கள். இவர்கள் எல்லாரையும் நேற்று வந்து இறங்கியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. 1848-இல் போரில் தோற்ற மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய பாதியை அமெரிக்காவிடம் இழந்தது. கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, அரிசோனா எல்லாம் அப்படிக் கைமாறிய மண். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இன்னொரு நாட்டின் குடிமக்கள் ஆனார்கள். “நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது” என்று அந்தப் பகுதியில் ஒரு பேச்சு உண்டு. 1898-இல் புவெர்ட்டோ ரிக்கோ தீவும் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா வசம் போனது. தீவு முழுக்க ஸ்பானிஷ் பேசியும், அங்குள்ள பள்ளிகளில் ஆங்கிலத்தைத் திணிக்கும் முயற்சி 1940-களின் இறுதிவரை விட்டுவிட்டு நடந்துகொண்டே இருந்தது.

டெக்சஸில் 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசிரியர் ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்தினாலே குற்றம். மாணவர்களைப் பொறுத்தவரை சட்டம் போகாத இடத்துக்கும் பள்ளிகளின் வழக்கம் போனது. விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷ் பேசியதற்காகப் பிள்ளைகளை அடித்தார்கள், மாலையில் நிறுத்திவைத்தார்கள், அபராதம் போட்டார்கள். 1972-இல் அமெரிக்கச் சிவில் உரிமை ஆணையம் தென்மேற்கு மாநிலப் பள்ளிகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்த ‘ஸ்பானிஷ் கூடாது’ விதிகள் பதிவாகியிருக்கின்றன. பிள்ளைகளின் பெயரும் தப்பவில்லை. ஹெசூஸ் பள்ளிக்குப் போய் ஜெஸ்ஸியாகத் திரும்பி வந்தான்.

இதன் விளைவு ஒரு தலைமுறை தள்ளித்தான் தெரிந்தது. அடி வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனபோது, நம் குழந்தைக்கு இது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தங்களுக்குள் ஸ்பானிஷ், பிள்ளையிடம் ஆங்கிலம். தாய்மொழியை வெறுத்ததால் அப்படிச் செய்யவில்லை. பிள்ளை மேல் வைத்த பாசத்தால்தான் அந்த மொழியைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டார்கள்.

டெக்சஸின் சான் அன்டோனியோ நகர மேயராக இருந்த ஹூலியான் காஸ்ட்ரோ இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். 2020 அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆவதற்காக உட்கட்சிப் போட்டியில் இறங்கிய ஒரே லத்தீனோ அவர். 2019 ஜூனில் மயாமியில் நடந்த முதல் விவாத மேடையில் வெள்ளையரான சக போட்டியாளர் பேட்டோ ஓ’ரூர்க் எடுத்த எடுப்பிலேயே ஸ்பானிஷில் பதில் சொன்னார். காஸ்ட்ரோ ஸ்பானிஷில் ஒன்றிரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டார். அந்தத் தேர்தல் காலம் முழுக்க, ஏன் உங்களுக்கு ஸ்பானிஷ் சரளமாக வரவில்லை என்ற கேள்வி அவரைத் துரத்தியது. முந்தைய தலைமுறையினர் ஸ்பானிஷ் பேசியதற்காகப் பள்ளியில் தண்டிக்கப்பட்டதை அவர் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. மொழியைப் பிடுங்கிக்கொண்டதும் பள்ளிக்கூடம்தான். பதில் சொல்லும் கடமை மட்டும் யாரிடமிருந்து பிடுங்கினார்களோ அவர்களின் பிள்ளை மேல் வந்து விழுந்தது.

இதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்த ஒரு குரலையும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் ரிச்சர்ட் ரோட்ரிகஸ் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் மெக்சிகக் குடியேறிகளின் மகனாக வளர்ந்தவர். அவருடைய பள்ளியின் கன்னியாஸ்திரீகள் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, இனி வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பெற்றோர் உடனே ஒப்புக்கொண்டார்கள். பையன் ஆங்கிலத்தில் தேறினான். வீட்டில் பேச்சு குறைந்துபோனது. பொது வாழ்க்கைக்குள் நுழைய அந்த இழப்பு கொடுத்தே ஆக வேண்டிய விலை என்று 1982-இல் வெளிவந்த தன்வரலாற்றில் ரோட்ரிகஸ் வாதிட்டார். இருமொழிக் கல்வியையும் எதிர்த்தார். அவர் பட்ட வலியை நான் முழுதாக நம்புகிறேன். அந்த விலை தவிர்க்க முடியாதது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கேட்டது பள்ளி, கொடுத்தது பெற்றோர். கேட்காமலே இருந்திருக்கலாம்.

“எனக்குத் தெரியாது” என்று தப்பாகச் சொல்பவர்கள்

ஸ்பானிஷில் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘நோ சே’ என்று சொல்ல வேண்டும். தெரிந்திருத்தல் என்ற அந்த வினைச்சொல் ‘சபேர்’. மற்ற வினைகளின் விதியை இதற்கும் போட்டால் ‘நோ சாபோ’ என்று வரும். ஆனால் இந்தச் சொல் விதிக்கு அடங்காதது. ஆங்கிலத்தில் வளர்ந்து ஸ்பானிஷில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ‘நோ சாபோ கிட்ஸ்’ என்று பட்டப்பெயர் வந்தது இப்படித்தான். சமூக ஊடகங்களில் இந்தப் பெயர் கேலியாகப் பரவியது. சில இளைஞர்கள் அதையே எடுத்துத் தங்கள் பனியனில் அச்சடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கேலியில் ஓர் அநியாயம் இருக்கிறது. ஸ்பெயினிலோ மெக்சிகோவிலோ ஸ்பானிஷ் மட்டுமே கேட்டு வளரும் இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளும் ‘சாபோ’ என்றுதான் சொல்கின்றன. விதியைப் பிடித்துவிட்டதற்கு அது அடையாளம். விதிவிலக்கு பின்னால் வரும். அமெரிக்கப் பிள்ளைக்கு அந்தப் ‘பின்னால்’ வராமலே போகிறது. ஐந்து வயதில் பள்ளி தொடங்குகிறது, மொழி வளர்ந்துகொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பதினெட்டு வயதுப் பெண் ஐந்து வயதுக்காரியின் ஸ்பானிஷோடு பாட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பாசத்தைச் சொல்ல வரும், பசியைச் சொல்ல வரும். கல்லூரியில் என்ன படிக்கிறாள் என்பதைச் சொல்ல வராது.

பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு இந்த நிலையைத் தெளிவாகக் காட்டுகிறது. அமெரிக்க லத்தீனோக்களில் 75 சதவீதம் பேரால் ஸ்பானிஷில் ஓரளவுக்காவது நன்றாக உரையாட முடிகிறது. ஆனால் தலைமுறை வாரியாகப் பிரித்துப் பார்த்தால் சரிவு கண்ணில் படும். குடியேறிவந்தவர்களில் 93 சதவீதம், மூன்றாம் தலைமுறையிலும் அதற்கு அடுத்தவற்றிலும் 34 சதவீதம். ஸ்பானிஷ் தெரியாதவர்களிலும் கொஞ்சமே தெரிந்தவர்களிலும் 54 சதவீதம் பேர், இன்னொரு லத்தீனோ தங்களை மனம் நோகச் செய்ததாகச் சொல்கிறார்கள். அதே கணக்கெடுப்பில், லத்தீனோ என்று சொல்லிக்கொள்ள ஸ்பானிஷ் தெரிந்திருக்கத் தேவையில்லை என்கிறார்கள் 78 சதவீதம் பேர். வரும் தலைமுறைகள் ஸ்பானிஷ் பேசுவது முக்கியம் என்கிறார்கள் 85 சதவீதம் பேர்.

கடைசி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முரண்போலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொழி வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், அது இல்லாத பிள்ளையைத் தள்ளிவைக்கவும் மனமில்லை. கணக்கெடுப்பில் பதில் சொல்லும்போது இப்படிப் பெருந்தன்மையாக இருப்பவர்கள், கல்யாண வீட்டில் மருமகள் தப்பாகப் பேசினால் சிரித்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு நினைவில் தங்குவது சிரிப்புதான். அடுத்த முறை அவள் வாயைத் திறப்பதில்லை. திறக்காத வாயில் மொழி இன்னும் மங்குகிறது.

வேறொரு நுட்பமும் உண்டு. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. நமக்கு ‘நீ’, ‘நீங்கள்’ இருப்பதுபோல ஸ்பானிஷில் ‘தூ’, ‘உஸ்தேத்’. வீட்டுக்குள் மட்டும் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் ‘தூ’தான் கைவந்தது. மரியாதைச் சொல்லைப் பழக அவளுக்கு வெளியாட்களோடு ஸ்பானிஷ் பேசும் வாய்ப்பு வேண்டும், அது கிடைக்கவில்லை. அவள் தேவாலயத்துப் பெரியவரைத் ‘தூ’ போட்டு அழைத்துவிடுகிறாள். கேட்பவர் அதை இலக்கணப் பிழையாக எடுத்துக்கொள்வதில்லை, வளர்ப்பின் பிழையாக எடுத்துக்கொள்கிறார்.

ஒரே வீட்டுக்குள்ளும் மொழி சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மூத்த பிள்ளைக்கு ஸ்பானிஷ் நன்றாக வரும், கடைக்குட்டிக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். மூத்தது பள்ளிக்குப் போய் ஆங்கிலத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதற்கப்புறம் உடன்பிறந்தவர்கள் தங்களுக்குள் பேசுவது ஆங்கிலத்தில்தான். பெற்றோர் ஸ்பானிஷில் கேட்க, பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அந்த மூத்த பிள்ளைக்குத் தனியாக ஒரு வேலையும் வந்து சேர்கிறது. மருத்துவமனை, வங்கி, வாடகை ஒப்பந்தம், மின்கட்டணத் தகராறு என்று எல்லா இடத்திலும் அம்மா அப்பாவுக்கு மொழிபெயர்ப்பாளர் அவள்தான். ஒன்பது, பத்து வயதில் பெரியவர்கள் உலகத்து வார்த்தைகளை இரண்டு பக்கமும் தூக்கிச் சுமக்கிறாள். ஆய்வாளர்கள் இந்தப் பிள்ளைகளிடம் கேட்டபோது இரண்டு விதமான பதிலும் வந்திருக்கிறது. குடும்பத்துக்கு உதவுகிறோம் என்ற பெருமை உண்டு. தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயமும் உண்டு. அம்மாவின் நோயைப் பற்றி மருத்துவர் சொன்னதை அம்மாவிடம் எடுத்துச் சொல்ல வேண்டிய குழந்தைக்கு ஸ்பானிஷ் மேல் இருக்கும் உணர்வை ‘விருப்பம்’, ‘வெறுப்பு’ என்று எந்தப் பெட்டியில் போட முடியும்?

ஆங்கிலமும் முழுதாகக் கிடைப்பதில்லை

சரி, ஸ்பானிஷ் போனாலும் ஆங்கிலமாவது நிம்மதியாக வந்துவிடுகிறதா?

அமெரிக்கப் பொதுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது ஒரு படிவம் தருவார்கள். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. ஸ்பானிஷ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறாவிட்டால் ‘ஆங்கிலம் கற்பவர்’ என்ற முத்திரை விழும். இப்படி முத்திரை பெற்ற மாணவர்கள் 50 லட்சத்துக்கும் மேல், அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு வீட்டுமொழி ஸ்பானிஷ். பலர் அமெரிக்காவிலேயே பிறந்தவர்கள். முத்திரை விழுந்தால் கூடுதல் உதவி கிடைக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதிலிருந்து வெளியேற ஆண்டுதோறும் தேர்வு எழுத வேண்டும். ஆறேழு ஆண்டு ஆகியும் வெளியேறாதவர்களுக்குக் கலிபோர்னியாவில் ‘நீண்டகால ஆங்கிலம் கற்பவர்’ என்று தனிப்பெயரே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஜோக் அடித்து, ஆங்கிலத்தில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் காதல் கடிதம் எழுதும் பதினைந்து வயதுப் பையனுக்கு, உனக்கு இன்னும் ஆங்கிலம் வரவில்லை என்று பள்ளி சொல்கிறது. அவனுக்காகத் தனி வகுப்பு ஒதுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் மற்றவர்கள் ஓவியமோ இசையோ படிக்கப் போகிறார்கள். இந்த அவஸ்தை தெரிந்த பெற்றோர் சிலர், அந்தப் படிவத்திலேயே ‘ஆங்கிலம்’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உச்சரிப்பு இன்னொரு தொல்லை. தெற்கு டெக்சஸில் வளர்ந்த எழுத்தாளர் குளோரியா அன்சல்துவா தான் படித்த பல்கலைக்கழகத்தில் மெக்சிக வம்சாவளி மாணவர்கள் எல்லாருக்கும் இரண்டு பேச்சுப் பயிற்சி வகுப்புகள் கட்டாயம் என்று பதிவுசெய்திருக்கிறார். அவர்களுடைய உச்சரிப்பைப் போக்குவதுதான் அந்த வகுப்புகளின் நோக்கம். பட்டப்படிப்புக்கு வந்தவர்களை நாக்கைத் திருத்திக்கொள்ள உட்காரவைத்தார்கள்.

இதனால் மாணவர்களுக்கு ஆங்கிலத்தின் மேல் கசப்பு மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்தால் அது பெரிய தவறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேற்று மொழியே இல்லை. அவர்கள் யோசிப்பதும் படிப்பதும் நண்பர்களிடம் மனம்விட்டுப் பேசுவதும் அதில்தான். அங்கே அவர்களுக்கு வேறு மாதிரியான சங்கடம். ஆங்கிலம் தனக்கு இவ்வளவு சௌகரியமாக இருப்பதே பாட்டிக்குச் செய்யும் துரோகமோ என்று மனசு அரிக்கிறது. இதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. இரண்டு மொழியில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலத்தையும் குற்ற உணர்வில்லாமல் நேசிக்க உரிமை உண்டு.

சொந்த மொழியில் தோற்கும் வகுப்பு

மனசை அதிகம் உடைக்கும் இடம் எதுவென்று என்னைக் கேட்டால், உயர்நிலைப் பள்ளியின் ஸ்பானிஷ் வகுப்பைச் சொல்வேன். வீட்டு மொழிதானே, சுலபமாக மதிப்பெண் எடுக்கலாம் என்று சேர்கிறான் பையன். மதிய உணவுக்கு ‘லோன்ச்சே’ என்று எழுதுகிறான். ஆங்கில ‘லஞ்ச்’ ஸ்பானிஷாக மாறிய சொல் அது. சரக்கு வண்டிக்கு ‘த்ரோகா’, அது ‘டிரக்’. இரண்டையும் சிவப்பு மையால் அடித்துவிடுகிறார் ஆசிரியர். ‘அய்கா’ என்கிறான், ‘ஆயா’ என்பதுதான் சரி என்று திருத்தம் வருகிறது. இவன் கிராமத்துப் பாட்டியிடம் கற்றது ‘த்ரூஹே’, பாடப்புத்தகத்தில் இருப்பது ‘த்ராஹே’. இரண்டுக்கும் பொருள் ‘நான் கொண்டுவந்தேன்’.

அந்த ‘த்ரூஹே’ பிழையான சொல்லே இல்லை. பழைய ஸ்பானிஷ் அது. நானூறு ஆண்டுக்கு முந்தைய ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டஸ் காலத்து எழுத்தில் காணக் கிடைப்பது. நகரங்கள் மறந்துவிட்ட வடிவத்தை மெக்சிகக் கிராமங்கள் காப்பாற்றி வைத்திருந்தன. அங்கிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் அதை மடியில் முடிந்துகொண்டு வந்தார்கள். நம் ஊரிலும் நகரத்து ஆசிரியர் ‘கொச்சை’ என்று ஒதுக்கும் எத்தனையோ கிராமத்துச் சொற்கள் பழைய நூல்களில் நிமிர்ந்து நிற்பது தெரியும்தானே. வகுப்பறையில் அந்த வரலாற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. பக்கத்துப் பெஞ்சில் ஸ்பானிஷைப் புதிதாகப் படிக்கும் வெள்ளைக்காரப் பையன் வாய்பாடாக மனப்பாடம் செய்து முதல் மதிப்பெண் வாங்குகிறான். பாட்டியின் மொழியைப் பேசியவன் தோற்கிறான். அவன் மனதில் பதிவது, எங்கள் வீட்டு ஸ்பானிஷ் உண்மையான ஸ்பானிஷ் இல்லை என்பதுதான். ஏற்கெனவே அவன் ஆங்கிலமும் போதாது என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது அவனுக்கு எந்த மொழியும் இல்லை என்றாகிறது.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் குவாதலூப்பே வால்தேஸ் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்: வீட்டில் மொழியைக் கேட்டு வளர்ந்தவர்களையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குபவர்களையும் ஒரே வகுப்பில் வைக்கக் கூடாது. முன்னவர்களுக்குக் காது இருக்கிறது, பேச்சின் ஓட்டம் இருக்கிறது. எழுத்தும் முறையான நடையும்தான் வேண்டும். ‘லோன்ச்சே’யை அழிக்காமல் பக்கத்தில் இன்னொரு சொல்லைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். இன்று பல பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இவர்களுக்கென்று தனி வகுப்புகள் நடக்கின்றன.

இரண்டையும் கலந்து பேசும் ‘ஸ்பாங்லிஷ்’ பற்றியும் பழைய தப்பபிப்பிராயம் ஒன்று உண்டு. இரண்டும் சரியாக வராதவர்கள்தான் கலக்கிறார்கள் என்பது அது. நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் புவெர்ட்டோ ரிக்கோக்காரர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஷானா பாப்லாக் 1980-இல் வெளியிட்ட முடிவு இதைத் தலைகீழாக்கியது. வாக்கியத்தின் நடுவில் மொழி மாறுபவர்கள் இரண்டு இலக்கணமும் இடிக்காத இடம் பார்த்துத்தான் மாறுகிறார்கள். அதை அதிகம் செய்பவர்கள் இரண்டு மொழியிலும் தேர்ந்தவர்கள். அதே நகரத்தின் ஒரு தெருப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பழகிய அனா செலியா சென்டெல்லா, எதிரில் இருப்பவரைப் பார்த்து அந்தப் பிள்ளைகள் மொழியை மாற்றிக்கொள்வதைக் கவனித்து எழுதினார். பாட்டி வந்தால் ஸ்பானிஷ், கூட்டாளி வந்தால் ஆங்கிலம். குழம்பியவர்கள் செய்யும் வேலையா இது? பியூ கணக்கெடுப்பில் 63 சதவீத லத்தீனோக்கள் அவ்வப்போதாவது இப்படிக் கலந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பல மாணவர்களுக்கு இறுக்கம் தளர்ந்து, யாருக்கும் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லாமல் பேசக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

ஒரே மொழி, இரண்டு விலை

1963-இல் மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளியில் பாதி நாள் ஆங்கிலம், பாதி நாள் ஸ்பானிஷ் என்று பாடம் தொடங்கியது. கியூபப் புரட்சிக்குப் பின் ஓடிவந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒன்றாகப் படித்தார்கள். வந்தவர்களில் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், வியாபாரிகள் நிறைய. சீக்கிரம் ஊர் திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையும் இருந்தது. பிறகு மயாமியில் ஸ்பானிஷ் வங்கியின், வணிகத்தின் மொழியானது. ஸ்பானிஷ் தெரிந்தால் வேலை கிடைக்கும் என்ற ஊரில் வளரும் பிள்ளைக்கு அந்த மொழி மேல் இருக்கும் உணர்வும், தோட்டக் கூலிகளின் மொழி என்று பெயர்பெற்ற ஊரில் வளரும் பிள்ளையின் உணர்வும் ஒன்றாக இருக்க முடியாது. அந்த மயாமியிலும் 1980-இல் ஆங்கிலம் தவிர்த்த மொழிகளுக்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று மாவட்டத்தில் வாக்கெடுப்பு நடத்திச் சட்டம் போட்டார்கள். 1993-இல்தான் அது நீங்கியது.

1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளைவிட்டு வெளிநடப்புச் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் இருமொழிக் கல்வியும் ஒன்று. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அதிபர் லிண்டன் ஜான்சன் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். தெற்கு டெக்சஸின் கொட்டூலாவில் மெக்சிகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் அவர். பின்னாளில் காற்று திரும்பியது. 1998-இல் கலிபோர்னிய வாக்காளர்கள் இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் மூடவைத்தார்கள். 2016-இல் அதே மாநிலம் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவான வாக்குகளோடு அந்தத் தடையை நீக்கியது. இடையில் கலிபோர்னியாவே தொடங்கிவைத்த ‘இருமொழி எழுத்தறிவு முத்திரை’ பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. இரண்டு மொழியில் தேர்ச்சி காட்டும் மாணவரின் பள்ளிச் சான்றிதழில் அது பதியப்படும். அங்குள்ள தமிழ்ப் பள்ளி மாணவர்கள் சிலரும் தமிழுக்காக அதைப் பெற்றிருக்கிறார்கள்.

ஆனால் இன்று இருமொழிப் பள்ளிகளின் வாசலில் வரிசையில் நிற்பவர்களில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்த, வசதியான வீட்டுப் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை ஸ்பானிஷில் எண்ணக் கற்றால் கைதட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஹிஸ்பானிக் பிள்ளை இரண்டு மொழியிலும் கணக்குப் போட்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை; ஆங்கிலத்தில் ஒரு பிழை விட்டால்தான் கவனிக்கிறார்கள். ஒருவருக்குத் திறமை, இன்னொருவருக்குக் குறைபாடு. பேசப்படுவது ஒரே மொழி. பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் கதைக்குள் இன்னும் ஓரமாகத் தள்ளப்பட்டவர்களும் உண்டு. குவாத்தமாலாவிலிருந்து வரும் மாம், கிச்சே பேசும் மாயாக் குடும்பங்கள், மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்திலிருந்து வரும் மிஷ்டெக் குடும்பங்கள். இவர்களின் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. அவர்கள் நாட்டில் அதிகாரத்தின் மொழி அது. அமெரிக்கப் பள்ளியோ அவர்களையும் ஸ்பானிஷ் பேசுபவர்கள் என்று எழுதிவைத்து, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை அனுப்புகிறது. ஸ்பானிஷுக்காக நியாயம் கேட்கும் எவரும் இவர்களையும் நினைக்க வேண்டும்.

மாணவர்கள் காதில் விழும் செய்திகளும் முன்னுக்குப் பின் முரணானவை. 2023 பிப்ரவரியில் கிராமி விருது விழாவில் புவெர்ட்டோ ரிக்கோவின் பேட் பன்னி ஸ்பானிஷில் பாடினார். தொலைக்காட்சித் திரையின் எழுத்துவரிகளில் ‘ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடுகிறார்’ என்று மட்டும் போட்டார்கள். கோடிக்கணக்கானோர் பேசும் மொழிக்குப் பெயர்கூட இல்லை. அதே சமயம் உலகில் அதிகம் கேட்கப்படும் பாடகர்களில் ஒருவராக அவர் ஸ்பானிஷிலேயே பாடி வளர்ந்திருக்கிறார். பதின்வயதுப் பிள்ளைகள் பலர் அவருடைய வரிகளைப் புரிந்துகொள்வதற்காகவே அம்மாவிடம் சொற்பொருள் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் ஆங்கிலத்தை நாட்டின் ஆட்சிமொழியாக அறிவிக்கும் ஆணையை அதிபர் டிரம்ப் பிறப்பித்தார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தோற்றம், ஸ்பானிஷ் பேசுவது, வேலை செய்யும் இடம் போன்றவற்றை மட்டுமே வைத்துக் குடியேற்ற அதிகாரிகள் ஆட்களை நிறுத்தி விசாரிக்கக் கூடாது என்று கீழ் நீதிமன்றம் போட்டிருந்த தடையை அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பேருந்து நிறுத்தத்தில் அம்மாவோடு நிற்கும் பிள்ளை தன் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேறு காரணம் தேவையில்லை.

மார்ஃபாவின் முன்னாள் மாணவர்கள் 2007-இல் ஒன்றுகூடி, புதைத்த மொழியைத் தோண்டியெடுப்பதாக இன்னொரு சடங்கு நடத்தினார்கள். அந்தப் பள்ளிக் கட்டடம் இப்போது தேசிய வரலாற்றுத் தலம்.

தோண்டினால் கிடைக்குமா என்பதற்கு ஓர் ஆராய்ச்சி பதில் வைத்திருக்கிறது. சிறு வயதில் ஸ்பானிஷைச் சுற்றிலும் கேட்டு வளர்ந்து, ஆனால் பேசாமலே இருந்துவிட்டு, கல்லூரியில் அதைப் பாடமாக எடுத்த மாணவர்களை கலிபோர்னியாவில் டெர்ரி ஆ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சோதித்தார்கள். முடிவு 2002-இல் வெளிவந்தது. இலக்கணத்தில் இவர்கள், புதிதாகத் தொடங்கியவர்களைவிட மேலாக இல்லை. ஒலியில் மட்டும் மேலாக இருந்தார்கள். ஐந்தாறு வயதுவரை காதில் விழுந்தது, பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகும் அவர்களுடைய உச்சரிப்பில் இருந்தது.

இப்படிப்பட்ட ஒரு மாணவி கடைக்குப் போய் ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் கேட்டால், அந்த உச்சரிப்பைக் கேட்ட கடைக்காரர் இவள் நம் வீட்டுப் பெண் என்று நினைத்து மடமடவென்று பேச ஆரம்பித்துவிடுவார். அவளுக்குப் பாதி புரியும். பதிலுக்கு அவள் என்ன சொல்வாள் என்பது, அவர் சிரிக்கப்போகிறாரா, கொஞ்சம் மெதுவாகப் பேசப்போகிறாரா என்பதைப் பொறுத்தது.